தை இரண்டில் பிறந்தவர்

எங்கள் அப்பாரு பிறந்தது தை இரண்டு, மாட்டுப் பொங்கலன்று. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். அவர் மனைவி எங்களுக்கு ஆத்தா. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் ஊதியூர் மலை கண்ணுக்குத் தட்டுப்படும் தூரத்தில், மண்தடத்தில் இறங்கி உள்ளே போனால் எங்கள் தோட்டம். அங்கே தை முதல் நாள் அத்தனை பெரிதில்லை. சூரியனைக் கும்பிட்டுப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிடுவோம். நோம்பி என்று மனதில் நிற்பது மறுநாள் வரும் பட்டிப் பொங்கல்தான். அன்றைக்கு மாட்டுக்கு விடுமுறை. நுகத்தடியை எடுக்கக் கூடாது, வண்டி பூட்டக் கூடாது, அடிக்கக் கை ஓங்கக் கூடாது. மாட்டுக்கு விடுமுறை என்றால் மனிதருக்கு வேலை இரட்டிப்பு. அந்த நாளில் ஒரு மனிதருக்குப் பிறந்தநாள் வந்தால் அதற்கு இடம் எங்கே இருக்கும்? அந்த இடத்தைத் தேடித்தான் நாங்கள் பேரப்பிள்ளைகள் வளர்ந்தோம்.

அவர் பிறந்த கதையை அவருடைய அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1937 ஜனவரி. தாது வருஷம். அறுபது வருஷப் பெயர்களும் சுற்றி முடித்து மறுபடி தாது வந்திருந்தது. முந்தைய தாதுவில், 1876இல், தொடங்கிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே சனங்கள் சொல்வார்கள். மாடும் மனுசரும் கூட்டங்கூட்டமாகச் செத்துப்போன பஞ்சம். அதைச் சின்ன வயதில் பார்த்த ஒரு கிழவி அப்போது வீட்டில் இருந்தாள். அந்தப் பெயர் திரும்பி வந்ததிலிருந்தே அவளுக்கு நெஞ்சு படபடப்பு. வருஷம் கழிகிற வரைக்கும் வீட்டில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிள்ளை பிறப்பதை யார் தள்ளிப்போடுவது?

பொழுது சாயும் நேரம் எல்லாரும் பட்டியில். பிள்ளைகள் வெண்கலத் தட்டுகளைக் குச்சியால் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அவரைப் பெற்ற தாயும் மருத்துவச்சியும் மட்டும். தட்டுச் சத்தத்தில் பிள்ளை அழுத சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மருத்துவச்சி ஓடிவந்து பட்டித் தொண்டு வாசலுக்கு வெளியே நின்று சொன்னபோது, பிள்ளையைப் பெற்றவர் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பட்டிக்குள் கட்டிய தெப்பக்குளத்தைக் கடைசி மாடும் மிதித்து முடித்த பிறகுதான் கை கால் கழுவிக்கொண்டு மகனைப் பார்க்கப் போனாராம். பஞ்சத்துக்குப் பயந்த கிழவியோ பிள்ளையை மடியில் வாங்கி, “பட்டி நோம்பியன்னைக்கு வந்த உருப்படி, இது தாதுவுக்குப் பயப்படாது” என்றாளாம். இந்த வாக்கியத்தை அப்பாருவே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமை எனக்கு இன்னும் தெரிகிறது.

காகிதத்தில் இந்த நாள் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் வசதிக்கு ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வாக்காளர் அட்டையிலும் ஆதாரிலும் அந்த ஜூன் தேதியே ஏறியது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மட்டும் தை இரண்டாம் தாளைப் பார்ப்போம். ஒரே தாளில் மாட்டுப் பொங்கல், திருவள்ளுவர் தினம், அரசு விடுமுறை. கீழே ஓரத்தில் கரிநாள். தை ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே கரிநாள். புதுக்காரியம் எதுவும் தொடங்கக் கூடாத நாட்கள். மற்ற நாட்களின் தாளைக் கிழித்துச் சுருட்டிப் போட்டுவிடுகிற மனிதர், இந்தத் தாளை மட்டும் மடிக்காமல் கம்பியில் குத்தி வைப்பார். கடிதம், ரசீது எல்லாம் குத்தி வைக்கும் கம்பி அது. வருஷத்துக்கு ஒரு தாளாகச் சேர்ந்து மஞ்சள் பூத்த கட்டு இன்னும் ஆத்தாவிடம் இருக்கிறது.

பட்டிப் பொங்கலைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எனக்கும் சொல்ல ஆசை.

போகியன்று சாயங்காலமே வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டிவிடுவோம். வாசலில், கிணற்றில், காட்டில், கட்டுத்தரையில், பட்டியில். தை இரண்டு விடியும் முன்பே மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தொட்டிக்குக் கொண்டுபோவார் அப்பாரு. வைக்கோலைச் சுருட்டித் தேய்த்துக் குளிப்பாட்டுவார். காங்கேயம் மாட்டின் தோல் மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் சிலிர்க்கும். அதற்குத் தக்க கை வேண்டும். ஆத்தா ஒவ்வொரு வருஷமும் அவருக்குப் புதுச் சென்னிமலைத் துண்டு ஒன்று எடுத்துவைப்பாள், பிறந்தநாளுக்கென்று. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அது நனைந்து சாணி அப்பியிருக்கும். ஈரத்தோடு நடுங்கும் கன்றுக்குட்டியைத் துவட்ட அதுதான் முதலில் கைக்கு வரும். ஆத்தா ஒரு வருஷமும் கோபித்துக்கொண்டதில்லை, மறு வருஷம் துண்டு எடுக்காமல் இருந்ததும் இல்லை.

பிறகு கொம்பு. உடைந்த சில்லால் சுரண்டி, எண்ணெய் தடவிக் காயவிட்டுச் சாயம். சாயம் பூசுவது பிள்ளைகள் வேலை. ஆனால் எந்தக் கொம்புக்கு எந்த நிறம் என்பதை அவர்தான் சொல்வார். சாம்பல் நிற மயிலைக்குச் சிவப்பு எடுக்கும், செவலைக்கு நீலம், காரிக்கு மஞ்சள். பிறகு கயிறு. பழைய மூக்கணாங்கயிற்றின் நுனியில் புதியதை இணைத்துத் தைத்து, விளக்கெண்ணெய் தடவி, பழையதை இழுக்க இழுக்கப் புதியது தானே மூக்குக்குள் ஏறும்படி செய்வார். மாட்டுக்கு வலிக்காது. அவருக்கு நைலான் கயிறு பிடிக்காது, மூக்கை அறுத்துவிடும் என்பார். நூல் கயிற்றை எங்கே தேடியாவது வாங்கி வருவார். எனக்குச் சம்பளம் வந்த முதல் வருஷம் அவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஆணியில் மாட்டினார். அடுத்த தைக்கு நல்ல நூல் கயிறு ஒரு கட்டும் வெண்கலச் சலங்கையும் கொண்டுபோனேன். சலங்கையை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் பட்டிக்குள் தெப்பக்குளம் கட்டுவோம். தரையைச் சாணி தெளித்து மெழுகி, மண்ணாலும் சாணத்தாலும் சிறு வரப்பு எழுப்பி, உள்ளே தண்ணீர் நிறைத்து மஞ்சள் கரைத்து, வரப்பின் மேல் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகி, பக்கத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து அறுகம்புல் குத்துவோம். மூன்று கல் கூட்டிப் பொங்கல். பொங்கி முடிந்ததும் தட்டுச் சத்தம் கிளம்பும். பிள்ளைகள் பட்டியைச் சுற்றி ஓடிவருவோம், பட்டி பெருக வேண்டும், பால் பொங்க வேண்டும், நோய் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கூவிக்கொண்டு. முதலில் ஒரு கன்றையோ கெடாரியையோ தெப்பக்குளத்தில் இறக்கி நடத்துவார்கள். வரப்பு உடையும், தண்ணீர் பட்டிக்குள் ஓடும். பிறகு எல்லா மாடும் மிதித்துப் போகும். பந்தம் கொளுத்தித் திருஷ்டி கழித்து, பொங்கலோடு வாழைப்பழம் பிசைந்து ஒவ்வொரு மாட்டுக்கும் ஊட்டுவோம். மாடு வாய் வைக்கிற வரை வீட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது. இதில் அப்பாருவிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. பச்சைப் பிள்ளைக்குப் பால் மட்டும் விலக்கு.

கேக் வந்த வருஷத்தை இங்கே சொல்லியாக வேண்டும். திருப்பூரில் இருந்த சித்தப்பா குடும்பம் வாங்கி வந்தது. முட்டை போடாதது, மேலே வெண்ணெயில் ஒரு மாட்டுத் தலை வரைந்தது. காலையில் வெட்டிவிடலாம் என்பது சித்தியின் எண்ணம். அப்பாரு தொட்டியடியில் இருந்தார். குளிப்பாட்டி முடியட்டும் என்றார். பிறகு கொம்பு, பிறகு கயிறு, பிறகு தெப்பக்குளம். கேக் பெட்டி உறிக்குப் பக்கத்தில் எறும்புக்குத் தண்ணீர் கட்டிய தாம்பாளத்தில் பொழுதெல்லாம் காத்திருந்தது. பந்தம் அணைந்து, கடைசி எருது பொங்கலைத் தின்று முடித்த பிறகு, அவர் தலைமாட்டில் அரிக்கேன் விளக்கை மாட்டி, கட்டுத்தரை ஓரத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து வெட்டச் சொன்னோம். வெட்டினார். முதல் துண்டை என் தம்பி வாயில் வைத்தார். மாட்டுக்குத் தர முடியாத தின்பண்டம் ஒன்றைத் தான் தின்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்காகத் தின்றார். “நல்லாத்தான் இருக்குது அம்முணி. அடுத்த வருசமும் பண்டத்துக்குப் போட்டப்பொறவு வெட்டலாம்” என்றார். பண்டம் என்று அவர் சொல்வது மாட்டை. பிறந்தநாளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. கடைசி மாடு சாப்பிட்ட பின்பு, இருட்டில், கட்டுத்தரை ஓரம். அதற்கப்புறம் ஒவ்வொரு தையிலும் அந்த நேரம் அவருடையதானது. அப்போதுதான் அவர் பேசுவார்.

அவர் பேச்சில் அதிகம் வருவது கவலை. மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது கவலை பூட்டித்தான். கிணற்று மேட்டில் உருளை, அதில் வடக்கயிறு, கயிற்றின் முனையில் சால், சாலின் அடியில் தோல் தும்பி. எருது இரண்டும் சரிவான வாரியில் கீழ்நோக்கி நடந்தால் சால் மேலே ஏறி வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி ஏறிவந்தால் சால் கிணற்றில் இறங்கும். ஓட்டுகிறவன் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுப்பான். பத்து வயதுக்குச் சற்று மேல் அவர் வடத்தில் ஏறிவிட்டார். விடியக் கருக்கலில் தொடங்கினால் வெயில் ஏறும் வரை. மாசியும் பங்குனியும் கிணறு ஆழத்துக்குப் போய்விடும். வாரியின் நீளம் அப்போதுதான் தெரியும் என்பார். எருதுகள் அத்தனை நாளும் பின்னால் நடந்து பின்னால் நடந்து கழுத்துத் தழும்பேறி நிற்கும். அந்தக் கழுத்தைத் தடவிக்கொடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தை இரண்டு ஏன் வந்தது என்று புரியும் என்று அவர் சொன்னபோது, அது அறிவுரைபோல இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. வருஷத்தில் கவலை ஓடாத நாள் அவருக்குப் பிறந்தநாள். அவர் சந்தோஷம் முழுவதும் அதில் இருந்தது.

பைக்காராவில் 1932இலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோயம்புத்தூர் ஆலைகள் அதில் ஓடின. எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு அது வந்து சேர்ந்தபோது அப்பாவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மோட்டார் போட்ட அன்றைக்கு, கவலை எருதுகள் வழக்கம்போல வாரிக்குப் போய் நின்றனவாம். அவற்றை விற்கச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். அப்பாரு விற்கவில்லை. உழவுக்கும் வண்டிக்கும் வைத்துக்கொண்டார். கிழடு தட்டியும் கட்டுத்தரையிலேயே இருந்தன.

கன்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் போல் ஆனால் செம்மை வடிந்து மயிலையாகும். ஒரு தைக்கு நான் கொஞ்சிய செவலைக் கன்றை மறு தையில் தேடினேன். அப்பாரு ஒரு சாம்பல் நிறக் கெடாரியின் காதைப் பிடித்துக் காட்டி, உள்பக்கத்து மச்சத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளிலும் எந்தக் கன்று எந்த நிறத்துக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பது எனக்கும் அவருக்குமான வழக்கம். எங்கள் வயதை அவர் பல்லில் கணக்கிடுவார். மாட்டுக்குப் பால் பல் விழுந்து இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று முளைத்து, எட்டும் சேர்ந்தால் கடைசேர்ந்த மாடு. அவர் முன்னால் வாயைத் திறந்துகாட்டிவிட்டுத்தான் பேரப்பிள்ளைகள் பொங்கல் வாங்கப் போவோம். “ரெண்டு பல்லு ஆயிட்டயே கண்ணு!” இந்த வாழ்த்து வேறு யாருக்கு வாய்த்திருக்கும்?

1997 தையில் அவருக்கு அறுபது நிறைந்தது. தாது திரும்பி வந்திருந்தது. அறுபதாங் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று அப்பாவும் அத்தைமாரும் முடிவு செய்து ஜோசியரிடம் போனார்கள். பிறந்த வருஷம், மாதம், நட்சத்திரம் மூன்றும் கூடும் நாளில் செய்வது வழக்கம். ஜாதகம் எழுதவில்லை, நட்சத்திரம் தெரியாது. தெரிந்தது பட்டி நோம்பி மட்டும். அன்று கரிநாள், முகூர்த்தம் கிடையாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கடைசியில் தை மாதத்துக்குள்ளேயே நல்ல நாள் ஒன்று பார்த்துக் கொடுமுடிக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அறுபதுக்கும் எண்பதுக்கும் மகுடேசுவரர் கோயிலுக்குத்தான் போவார்கள். காவிரிக்கரையில் கலசங்களை வரிசையாக வைத்து, அவரையும் ஆத்தாவையும் மணையில் உட்காரவைத்து நீரூற்றினார்கள். ஈரம் சொட்ட இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தனை நேரம் தண்ணீர் தலையில் விழுந்ததை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வானம் பார்த்த பூமிக்காரர். திரும்பும்போது குடத்தில் காவிரித் தண்ணீர் பிடித்து மடியில் வைத்து, சிந்தாமல் கொண்டுவந்து, மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்.

எண்பது வேறு மாதிரி வந்தது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் பெய்ய வேண்டியதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோனது. எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வேரோடு பொடிந்தது. கிளுவை வேலி நின்றது, வெள்வேல் மரம் நின்றது, நடுவில் மண். வெள்வேல நெற்று இருந்தவரை மாடு பொறுக்கித் தின்றது, பிறகு அதுவும் தீர்ந்தது. நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றானபோது சந்தையில் கையில் காசு புரளவில்லை. மாடு வாங்குகிறவர்கள் அடிமாட்டு விலைக்கே கேட்டார்கள். அந்த விலைக்கும் ஊரில் வண்டி வண்டியாக ஏற்றிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்த காலம். ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் பட்டியில் அப்போது இரண்டு எருது, நாலைந்து பசு, கன்றுகள். அப்பா, பாதியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அப்பாரு பதில் சொல்லாமல் சோளத்தட்டுப் போரைப் போய்ப் பார்த்தார். போரின் அடிப்பகுதிதான் மிச்சம் இருந்தது.

எண்பதுக்கு மண்டபம் பிடித்து ஊரை அழைத்து விருந்து போடுவது என்று நாங்கள் முன்பே பேசிவைத்திருந்தோம். ஆளுக்கு இவ்வளவு என்று பணமும் சேர்ந்திருந்தது. மார்கழிக் கடைசியில் போனில் என்னைக் கூப்பிட்டார். அவராகப் போன் போடுவது அபூர்வம்.

“அம்முணி, எனக்கென்னமோ பண்ணோணும்னு பணம் போட்டிருக்கறீங்களாமா?”

“ஆமாங்கப்பாரு. எம்பது ஒருக்காத்தானே வருது.”

“அந்தக் காசுக்குத் தட்டு வாங்கிப் போடுங்க. விருந்து சாப்பிடறவங்க ஊட்டுலயெல்லாம் சோறு இருக்குது.”

சோளத்தட்டு எங்கே கிடைக்கும் என்று தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. காவிரிப் பாசனத்திலேயே பயிர் காய்ந்திருந்ததால் வைக்கோலும் அருமையாகிவிட்டது. கடைசியில் சித்தப்பா எங்கெங்கோ விசாரித்துப் பிடித்த ஒரு லாரிப் பாரம் போகியன்று இரவு மண்தடத்தில் ஆடி ஆடி வந்தது. மாடுகள் வாசனை பிடித்து எழுந்து நின்றுவிட்டன. நாங்கள் எல்லாரும், வேலைக்குப் போகிற பேரன் பேத்திகள், மருமகள்கள், லாரிக்காரர் உட்பட, நள்ளிரவு தாண்டியும் தட்டை இறக்கிப் போர் போட்டோம். அப்பாரு மேலே நின்று அடுக்கச் சொல்லிக்கொடுத்தார். எண்பது வயதில் ஏணியில் ஏறாதீர்கள் என்று சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. அந்த இரவைவிடப் பெரிய கொண்டாட்டம் எங்கள் வீட்டில் நடந்ததில்லை என்பேன்.

மறுநாள் கழிந்து ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பட்டிப் பொங்கல். தெப்பக்குளத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் விடுவது என்று எங்களுக்குத் தயக்கம். அவர் வரப்பைச் சின்னதாகக் கட்டினார், ஆனால் தளும்ப நிறைத்தார். அந்தக் காட்சியைத் தம்பி செல்பேசியில் பிடித்தான். வறண்ட பட்டியில் ஒரு சாண் அகலத் தண்ணீர் ஓடிப் பரவுகிறது. கன்று ஒன்று மிதித்துவிட்டு நின்று அதை நக்குகிறது. இரவு கட்டிலில் உட்கார்ந்து எங்களிடம் தன் வாயைத் திறந்துகாட்டினார். “பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா வெல போகமாட்டேன்.” ஆத்தா, “போகாட்டிப் போச்சாது, கட்டுத்தரையிலயே கெடங்க” என்றாள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தோம்.

வேலைக்குத் திரும்பிய அந்த வாரமே ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். கோவையில் வ.உ.சி. மைதானம் நிரம்பி வழிந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை ஜல்லிக்கட்டை மட்டுமல்ல, எங்கள் பக்கத்து ரேக்ளா வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியிருந்தது. நானும் மாலையில் அந்த மைதானத்தில் போய் நின்றேன். எங்கு பார்த்தாலும் காங்கேயம் காளையின் படம். திமிலும் கருத்த கழுத்தும் அகன்று வளைந்த கொம்பும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் மந்தையில் தேர்ந்து பெருக்கிய இனம் அது; அப்பாருவின் தகப்பனார் தன் பசுக்களுக்கு அந்த மந்தையின் பொலிகாளையைச் சேர்த்திருக்கிறார். இரைச்சலுக்கு நடுவில் அவருக்குப் போன் போட்டுக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். வெகுநேரம் கேட்டார். “இத்தன பேரா? மாட்டுக்கா? நல்லாயிருக்கட்டும்” என்றார். பிறகு கேட்டார்: “தட்டுக்கும் தண்ணிக்கும் ஏதாச்சும் பேசறாங்களா கண்ணு?” 23ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவர் கேட்ட கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. நாட்டு மாட்டைக் காப்பது என்று யார் பேசினாலும் கொறங்காடு எத்தனை ஏக்கர் மிச்சம் இருக்கிறது, தட்டு என்ன விலை விற்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறக்கும் பசுவை வைத்திருக்கிறவனுக்கு அவ்விரண்டுக்கும் வழி செய்யாமல் அந்த மாடு நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வறட்சியை அந்தப் போர் தாண்டவைத்தது. எங்கள் பட்டியிலிருந்து ஓர் உருப்படியும் போகவில்லை.

2019 ஐப்பசியில் அப்பாரு போய்விட்டார். நல்ல மழை பெய்துகொண்டிருந்த வாரம். இழவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் நோம்பி கிடையாது. தை நெருங்கியபோது, பொங்கல் இல்லை, மாட்டுக்கும் சும்மா தண்ணீர் காட்டிக் கட்டிவிடலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள். ஆத்தா அதுவரை பேசவேயில்லை. “ஊட்டுக்குத்தான் இழவு. பண்டத்துக்கு என்ன இழவு?” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். தை ஒன்றுக்கு அடுப்பில் பானை ஏறவில்லை. தை இரண்டுக்குப் பட்டியில் ஏறியது. அப்பா வரப்புக் கட்டினார். ஆவாரம்பூ பறிக்க நாங்கள் ஊதியூர் மலையடி வரை போனோம்.

இப்போது தம்பி மகளுக்குப் பதினோரு வயது. மூக்கணாங்கயிறு மாற்றத் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். போன தைக்கு அப்பா அவளை எருதுக்கு முன்னால் நிறுத்தி, தலையை அணைத்துப் பிடிக்கக் காட்டினார். திண்ணையிலிருந்து ஆத்தா சத்தம் போட்டாள்.

“அங்க எதுக்கு நிக்க உடற? எடத்து எருதுக்கு எடப்பக்கம் நிக்கோணும், வலத்து எருதுக்கு வலப்பக்கம். உங்கய்யன் அப்படித்தான் நிப்பாரு.”

“இப்ப எங்கம்மா ரெண்டையும் பூட்டறோம்? எந்தப் பக்கம் நின்னா என்ன?”

“பூட்டறதில்லைன்னு அதுக்குத் தெரியுமா? புள்ளைய அந்தப் பக்கம் நிறுத்துடா.”